அஞ்சலைக்கு வந்த சாமி

மாசி அமாவாசை, 1965. மேல்மலையனூர் அம்மன் திருவிழா.

காலையில் அஞ்சலை அழுதுகொண்டே என்னிடம் வந்தாள். செஞ்சியிலிருந்து வந்த எங்கள் தொண்டர் முகாமில் அவள் தண்ணீர்ப் பந்தலைப் பார்க்கிறாள். பெண்கள் பக்கத்துக்கு நான் பொறுப்பு. வரிசையை ஒழுங்குபடுத்துகிறேன் என்று சொல்லிக்கொண்டு தொண்டன் கோதண்டம் பெண்களின் இடுப்பைப் பிடித்துத் தள்ளுகிறானாம். கையை எடு என்று அவள் சொன்ன பிறகும் மறுபடி பிடித்திருக்கிறான்.

நேராக முகாம் செயலாளரிடம் போனேன். கோதண்டம் அவருடைய மைத்துனன்.

"கூட்டத்துல கை படறது சகஜம்மா. சாட்சி இருக்குதா?" என்றார்.

"அவளே சொல்றாளே, வேற இன்னா சாட்சி வேணும்?" என்றேன்.

"கோயில் வேலையில இதையெல்லாம் பெரிசு பண்ணாத" என்று சொல்லிவிட்டு மோர் குடித்தார்.

மாலையில் உடுக்கைச் சத்தம் கேட்டதும் அஞ்சலைக்குச் சாமி வந்துவிட்டது. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு கோதண்டத்தின் முன்னால் போய் நின்றாள். "எம் பொண்ணுங்க மேலயே கை வைக்கிறியாடா?" என்று விட்டாள் ஓர் அறை. செயலாளர் இப்போது சாட்சி கேட்கவில்லை. "தப்புதான் தாயே!" என்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். கற்பூரம் அணைவதற்குள் கோதண்டத்தைச் செஞ்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். நான் நயமாகச் சொன்னதற்கு மோர், அவள் ஆடினதற்குக் கற்பூரம்!

படுக்கும்போது, "நெஜமாவே சாமிதானாடி?" என்று கேட்டேன்.

"யாரா இருந்தா இன்னாக்கா? அவன் போயிட்டான் இல்ல?" என்று திரும்பிப் படுத்தாள்.

விபூதி கொடுக்கும் சாக்கில் இந்தச் செயலாளரும் தினம் என் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார். நாளைக்குக் கொண்டை ஊசி குத்தப் போவதில்லை. முடி சட்டென்று அவிழவேண்டும்.