கொளுத்தாத கற்பூரம்

இந்த ஆண்டு ஆயுத பூஜை விடுமுறை முடிந்து, நம் ஆய்வகத்தில் நீ அளவெடுத்த நீர்த்தொட்டியை மூடியிருக்கும் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தேன். கற்பூர வாசனை முகத்தில் அடித்தது. தொட்டிக்கு முன்னால் யாரோ இரண்டு வில்லைகள் வைத்திருந்தார்கள். பெட்டியை மூடினேன். உட்கார்ந்தேன், எழுந்தேன். உன் பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். உன் ஆய்வில் அந்த நல்ல முடிவு முதலில் வந்தது மூன்று ஆண்டுகளுக்கு முன், ஆயுத பூஜைக்கு மறுநாள்.

அந்தப் பூஜையைச் செய்தவள் நான். குளோரோஃபார்ம் புழங்கும் அறையில் நெருப்பு கூடாது என்பதால், கற்பூரத்தைக் கொளுத்தாமலே வைப்பது நம் வழக்கம். குங்குமத்தோடு நான் தொட்டியை நெருங்கியதும் நீ குறுக்கே வந்து நின்றாய்.

"இன்னாடி, தண்ணிக்குப் பொட்டு வெக்கப் போறியா? ஒரு தூள் விழுந்துச்சு, உன்னையே தூக்கி உள்ள முக்கிடுவேன்."

"சாமி குத்தம் ஆயிடும்டி."

"சாமிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். சாருக்கு நீ சொல்லுவியா?"

குங்குமத்தைப் பெட்டியின் வெளியே வைத்தேன். நீ டீக்குப் போனதும், பார்த்தால் கத்துவாய் என்று இரண்டு வில்லைகளைப் பெட்டிக்குள், தொட்டிக்குப் பின்னால் மறைவாக வைத்தேன். கட்டடமே கற்பூரம் மணந்த வாரம் அது. உனக்கு வேறு ஜலதோஷம்.

தண்ணீரின் மேல் ஒரே ஒரு மூலக்கூறு தடிமனில் கொழுப்புப் படலம் விரித்து, அதற்குள் புரதம் எப்படி நுழைகிறது என்று அளப்பது உன் ஆய்வு. அந்த வாரம் மிகக் குறைந்த புரதமே நுழையப் போதுமானதாக இருந்தது; அதுதான் உன் நல்ல முடிவு. கற்பூரம் ஆவியாகி நீர்ப்பரப்பில் போய் உட்கார்ந்துகொண்டு, புரதம் நுழைவதை எளிதாக்கிவிடும். பரப்பை நெருக்கினால் நழுவிவிடும். அதனால் சுத்தம் பார்க்கத் தினமும் வெறும் தண்ணீரில் நீ செய்த சோதனையிலும் அது பிடிபடவில்லை. வில்லைகள் கரைந்து தீர்ந்ததும் உன் முடிவும் போயிற்று.

ஆறு மாதம் மறுபடி மறுபடி செய்தாய். "கை சுத்தம் போதாது" என்று நம் வழிகாட்டி சார் எல்லார் முன்னிலும் சொன்னார். நகத்தை ஒட்ட வெட்டினாய். தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டாய். பிறகு டெங்கு வந்தது. எட்டே நாள்.

போன வாரம் நானே இரண்டு வில்லைகள் வைத்து அளந்தேன். வரைபடத்தில் உன் கோட்டின் மேலேயே என் கோடு படிந்தது. சாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"அவளே இல்லையேம்மா. இப்போ இதைத் தோண்டி என்ன ஆகப்போகுது?"

"அவ கை சுத்தமாத்தான் இருந்துச்சு சார். கற்பூரம் வெச்சது நான். தீஸிஸ்ல அப்படியே எழுதப்போறேன்."

தாளை வாங்கி அந்த இரண்டு கோடுகளையும் பார்த்தார். "எழுது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஜோகுபாளையத்துக்கு, உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அப்போ எம்பொண்ணு மேல தப்பில்லன்றியா?"

"இல்லம்மா. என்னுதுதான்."

"அவ உன்னாண்ட கேக்கவே இல்லியாம்மா?"

கேட்டாய். அந்த வாரமே, மூன்றாம் நாள், முடிவு இவ்வளவு நன்றாக வருகிறதே என்று சந்தேகப்பட்டு, "உள்ள எதனா வெச்சியாடி?" என்றாய். கற்பூரம் தண்ணீரைத் தொடவில்லை, அதனால் அது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, நீ கேட்டு முடிப்பதற்குள் "இல்லையே" என்றேன். அன்று மாலையே அதை மறந்தும் போனேன். நீ மறுபடி கேட்கவில்லை.

இதையும் அவரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. சாப்பிட்டுப் போகச் சொன்னார்.

இப்போதெல்லாம் யார் எதைக் கேட்டாலும் என்னிடம் உடனே பதில் வருவதில்லை. எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்கிறேன். ஆய்வகத்தில் சிரிக்கிறார்கள். அன்று நீ கேட்டபோது, பெட்டி என் நாற்காலியிலிருந்து இரண்டடி தூரத்தில்தான் இருந்தது.