கழுநீர்க் காவல்

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி மாடியேற விடுகிறதா? நான் சுகம்.

உளி தீட்டும் சாணைக்கல்லின் தண்ணீரை வாளியில் தெளியவைத்து, மேல்நீரை மட்டும் மறுபடி பயன்படுத்துவது இந்தப் பட்டறையில் என் வேலை. அடிமண்டி பட்டால் உளியில் கீறல் விழும். "படிச்ச அம்மா கழுநீருக்குக் காவல்!" என்று மேஸ்திரி ஒரு மாதமாக எல்லோர் முன்னும் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

முந்தாநாள் முதலாளிக்குக் காட்டவேண்டிய உளியை மேஸ்திரியே தீட்டினார். அவசரத்தில் வாளியை மண்டியோடு கல்லில் கவிழ்த்தார். பார்த்தேன், தடுக்கவில்லை.

"என்னய்யா, பூனை பிறாண்டுச்சா?" என்றார் முதலாளி.

பிறகு மேஸ்திரி என்னிடம் வந்தார். "பாத்துட்டுதானே இருந்தீங்க, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"கழுநீர்தானே, மேஸ்திரி!" என்றேன். இரண்டு நாளாகச் சாப்பாடு ருசிக்கிறது.

தண்ணீர் வடிகட்ட உங்கள் பழைய நூல்சேலை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், உங்கள் வாசம் இருக்கட்டும். மணி அடித்துவிட்டது.

உங்கள் மகள்