கூடையில் வந்த பங்கு

செங்கல்பட்டு
24-1-1975

அன்புள்ள சிவப்பிரகாசம் அண்ணனுக்கு, தங்கை வச்சலா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் வலியும் அண்ணியின் இருமலும் எப்படி இருக்கின்றன என்று எழுதுங்கள். திருக்கழுக்குன்றம் பஸ் ஏறினால் புதுப்பட்டினம் வந்து நேரிலேயே பேசியிருக்கலாம். இவரைத் தனியே விட்டு வர மனசு துணியவில்லை.

எனக்கு அரிசி மில்லில் வேலை தொடர்ந்து கிடைக்கிறது. இவர் காலையில் எழுந்ததும் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஏரிக்குத்தான் போகிறார். ரயில் பாதையை ஒட்டிய கரையில் அவருக்கென்று ஓர் இடம். ஞாயிற்றுக்கிழமையானால் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாக்களும் பொழுதுபோக்காகத் தூண்டில் போட வந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு விரால் மாட்டுகிறது. கடலில் வஞ்சிரம் பிடித்த இவர் கைக்கு உள்ளங்கை அகல ஜிலேபிக் கெண்டைதான். ஏரி மீனுக்குக்கூட உங்களைக் கண்டால் இளப்பமாகிவிட்டதா என்று கேலி செய்வேன். முன்பெல்லாம் சிரிப்பார்.

இவருடைய தம்பி தேசப்பனை இவர் கண் முன்னாலேயே கட்டுமரத்திலிருந்து கடல் கொண்டுபோன பிறகு, அலைச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்றுதான் இந்த ஊருக்கு வந்தோம். இந்த ஏரியில் அலை இல்லை. ஆனாலும் இவர் கால்கூட நனைப்பதில்லை. போகட்டும், தண்ணீரைப் பார்த்துக்கொண்டாவது உட்காருகிறாரே என்று சமாதானப்பட்டுக்கொண்டேன். பொங்கல் கழிந்து ஒருநாள், மாசி மகத்துக்குக் குப்பத்துக்குப் போகலாம், கடலில் ஒரு முழுக்குப் போட்டுப் பார்க்கிறேன் என்று தானாகவே சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கட்டிக்கொண்டு வர நல்ல சேலையைத் துவைத்து மடித்து வைத்தேன்.

அந்த நேரத்தில்தான் நீங்கள் எல்லப்பனிடம் கொடுத்தனுப்பிய கருவாட்டுக் கூடை வந்தது. பாசத்தில் செய்தீர்கள், எனக்குத் தெரியும். எல்லப்பன் வெள்ளந்தி மனுஷன். கரைவலைப் பங்கு பிரிக்கசொல்லோ குப்பம்மா பங்கோட வச்சலா பங்கையும் தனியா எடுத்து வெச்சாங்க, இனிமே வந்துகினே இருக்கும் என்று இவர் எதிரிலேயே சொல்லிவிட்டான். குப்பம்மா தேசப்பன் பெண்சாதி. கடலில் புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு ஊர் ஒதுக்கும் பங்கு அது என்று இவருக்குத் தெரியாதா?

கோபித்துக் கத்தியிருந்தால் தேவலை. குழம்பு வைக்கச் சொல்லி வயிறு முட்டச் சாப்பிட்டார். கை கழுவி வந்து, எனக்குக் காரியம் பண்ணி முட்ச்சிட்டாங்களா, இல்ல இனிமேதான் கீதா என்று என்னிடம் கேட்டார்.

அதிலிருந்து புழு குத்தாமல் வெறும் முள்ளைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் தூண்டில் போடும் ரயில்வே தேவசகாயம், இது இன்னா கூத்து என்று கேட்டதற்கு, நம்ம பங்குதான் வூடு தேடி வருதே அண்ணாத்த என்றாராம். சோறு கொண்டுபோனால் சாப்பிடுகிறார். கூப்பிட்டால் எழுந்து வருகிறார். மாசி மகப் பேச்சை எடுத்தால் மட்டும், நான் எங்கே வருவது என்கிறார். அழுது பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். பயமாக இருக்கிறது அண்ணா, எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இனி கூடை அனுப்பாதீர்கள். கரையில் பங்கு பிரிக்கும்போது ஆம்பளைகள் பெயரை வரிசையாகக் கூப்பிடுவீர்களே, அதில் ஒரு தரம் இவர் பெயரையும் மூர்த்தி என்று கூப்பிடச் சொல்லுங்கள். மீன் வேண்டாம். கூப்பிட்டார்கள் என்று எல்லப்பன் வந்து இவர் காதில் சொன்னால் போதும். வலை இழுக்காதவன் பெயரை எப்படிக் கூப்பிடுவது என்று ஊரார் கேட்பார்கள். அவர்கள் கேட்பதும் நியாயம்தான். ஊர் ஒப்பவில்லை என்றால் கூப்பிட்டதாகப் பொய்யாவது எழுதிப் போடுங்கள். நான் இவருக்குப் படித்துக் காட்டிக்கொள்கிறேன்.

பொட்டும் தாலியுமாக இருக்கும்
உங்கள் தங்கை
வச்சலா