தில்லிக்குப் போன அத்தையின் படம்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், தில்லியிலிருந்து எனக்கு வந்த உறையின் ஒரு மூலையை நம் வெள்ளாடு இன்று காலை தின்றுவிட்டது. போனது என் பெயர் இருந்த மூலை. உள்ளே இருந்த கண்காட்சிப் புத்தகத்தில் உங்கள் படம் பத்திரமாக இருக்கிறது, அத்தை.

அகில இந்திய உருவப்படப் போட்டியில் தேர்வானவற்றை அங்கே ஒரு கூடத்தில் மாட்டியிருக்கிறார்களாம். அதில் நீங்களும் ஒருவர். கோவில்பட்டியைத் தாண்டாத ஆள்.

ஸ்டுடியோ அண்ணாச்சியின் காமிராவைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு, தாடிக்குத்தான் பரிசு என்று நம்பிக் கிழவர்களைத் தேடித் திரிந்தேன். ரோலுக்குப் பன்னிரண்டு படம். திரும்பும்போது பருத்திக்காட்டில் மடி நிறையப் பருத்தியோடு மறித்தீர்கள்.

“ஏலே, என்னைய ஒண்ணு எடு. கல்யாணத்துக்குக்கூட எடுக்கல. வீட்டுக் கண்ணாடி மூஞ்சிய மட்டுந்தான் காட்டுது. முழுசா எப்பிடி இருக்கேன்னு ஒருக்கா பாக்கணும்.”

“கரிசக்காட்டுல நின்னா எங்கன தெரியப் போறிய? பல்லக் காட்டுங்க, அத வச்சுக் கண்டுபிடிச்சுக்கிடுதேன்.”

“ஒன் நாக்க அறுத்து உப்புக்கண்டம் போடணும்ல!”

சிரித்தபடி நின்றீர்கள். அழுத்தினேன்.

அப்புறம் பார்க்கும்போதெல்லாம், “கழுவியாச்சால?”

“குடிக்கவே தண்ணி இல்ல, ஒங்க மூஞ்சியக் கழுவ எங்க போக?”

மூன்று முறையும் சிரித்தீர்கள். நாலாவது முறை கேட்கவில்லை. காய்ச்சல். இரண்டே நாள்.

உங்களைச் சுடுகாட்டுக்கு எடுத்த அன்று கொட்டுக்காரர்களுக்கு டீ ஊற்றினேன். சீனி போதுமா என்று கேட்டது நினைவிருக்கிறது. அழுகை வரவில்லை. இன்றும் வரவில்லை.

ஸ்டுடியோவில் கல்யாண முகூர்த்த வேலையெல்லாம் ஒழிந்தபின் அண்ணாச்சி ரோலைக் கழுவினார். தாடிகள் அத்தனையும் மங்கல். கடைசியில் நீங்கள், தலை முதல் கால் வரை. அதைத்தான் அனுப்பினேன்.

மாமா வருகிறவர்களிடமெல்லாம் புத்தகத்தை விரித்து, “மருமகன் ஆசையா எடுத்ததுல்லா” என்கிறார். நானும், “எடுக்கும்போதே தெரியும், தில்லிக்குப் போற மூஞ்சின்னு” என்று அளந்து விட்டிருக்கிறேன்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அன்று பிலிம் தீர்ந்துவிட்டதாகத்தான் நினைத்தேன். மொய்க்கும் பிள்ளைகளைக் கலைக்க ஸ்டுடியோக்காரர்கள் வெறும் காமிராவை அழுத்திக் காட்டுவார்களே, உங்களுக்கும் அப்படித்தான் அழுத்தினேன். எண்ணியதில் ஒன்று தவறியிருக்கிறது. இல்லாத படம் என்று நினைத்துத்தான் அத்தனை நாள் சாக்குச் சொன்னேன்.

படத்துக்குக் கீழே நடுவர்கள் இங்கிலீஷில் ஒரு வரி எழுதியிருக்கிறார்கள்: எடுப்பவனை முழுதாக நம்புகிற கண்கள் என்று. மாமா தமிழில் சொல்லச் சொன்னார்.

“நல்லாருக்குன்னு போட்டிருக்காவ மாமா,” என்றேன்.