பிள்ளையாரைக் கட்டிய கம்பி

கொல்லங்கோடு
12-8-1974

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை நாச்சம்மாள் எழுதுவது.

அப்பா ஓட்டும் நம் டாக்சியில் பிள்ளையாரின் வயிற்றைச் சுற்றிச் செம்புக் கம்பி கட்டியிருப்பதைச் சனிக்கிழமை பார்த்தேன்.

சாவிக்குப் பதிலாக நீங்கள் காந்தம் ஒட்டிக் கொடுத்த பிள்ளையார்தான். ஸ்டியரிங் பக்கத்தில் உட்கார வைத்தால் உள்ளே ஒயர் சேர்ந்து வண்டி ஓடும், எடுத்தால் ஒயர் விட்டு நின்றுபோகும். அப்பா சாவியைத் தொலைப்பார், பிள்ளையாரைத் தொலைக்கமாட்டார் என்றீர்கள். இதுவரை தொலைக்கவில்லை.

கம்பி எதற்கென்று எனக்குத் தெரியவில்லை. நேற்று நம் தெரு அகிலாண்டம் மாமியே வந்து சொன்னார். அப்பா மாமியை ஏற்றிக்கொண்டு போனபோது நெல்லியாம்பதி மலை ஏற்றத்தில், வளைவில் எதிரே பஸ் வந்ததாம். முன்சீட்டில் இருந்த மாமி பயந்துபோய்ப் பிள்ளையாரை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாராம். அங்கேயே என்ஜின் நின்று, வண்டி பள்ளத்துப் பக்கம் பின்னால் உருண்டிருக்கிறது. பஸ் கண்டக்டர் ஓடிவந்து சக்கரத்துக்குக் கல் போட்டாராம். “பிள்ளையார் என் கையிலே இருந்ததாலே பொழைச்சோம்” என்று மாமி தெருவெல்லாம் சொல்கிறார்.

அண்ணா, மலையில் பயந்தால் யார் கையும் முதலில் அவரிடம்தானே போகும்? இதை நீங்களும் நினைக்கவில்லை, நீங்கள் அதை மாட்டும்போது விளக்குப் பிடித்த நானும் நினைக்கவில்லை.

பழைய சாவி சுவிட்ச் அப்படியே இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாம் என்று அப்பாவிடம் ஒருவழியாகச் சொன்னேன். “எம்பையன் பண்ணுனது தப்பாகாது கண்ணு. அதான் கம்பி கட்டியாச்சல்ல” என்றார். இன்று காலை நான் கார்க் கதவை அடித்துச் சாத்திப் பார்த்தேன். கம்பியோடு பிள்ளையார் சாய்ந்தார். ஒயர் சேர்ந்திருந்தால் எரியும் சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது.

நாளை அப்பா மறுபடியும் மலை ஏறுகிறார். எஸ்டேட் பெரியமுத்துவின் மகளைப் பிரசவத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும். மழை விடவில்லை.

நீங்கள் ஒரு வரி எழுதினால் அப்பா கேட்பார். பம்பாயில் உங்கள் முதலாளி காருக்கும் இதைச் செய்யப்போவதாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம் அண்ணா. குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நீங்களும் அப்பாவும் எனக்கு வேண்டும்.

இப்படிக்கு,
நாச்சம்மாள்

பி.கு.: இது உங்களிடம் சேர ஐந்து நாளாகும். அப்பா குளிக்கப் போயிருக்கிறார். நீங்கள் செய்வதுபோலவே முதலில் பாட்டரி ஒயரைக் கழற்றினேன். பிள்ளையாருக்குப் போன இரண்டு ஒயரையும் பழைய சாவி சுவிட்சில் முறுக்கிவிட்டு, பாட்டரியைத் திரும்ப மாட்டினேன். உங்கள் பெட்டியிலிருந்த பழைய சாவியை எடுத்துப் பிள்ளையாரின் கழுத்தில் தொங்கவிட்டேன்.