யவனருக்கு அவர்கள் எழுதிய அர்த்தம்

ஜூலை 3, வியாழன்

காலையிலிருந்து சாரல். துணி எதுவும் காயவில்லை. கரண்ட் பில், தோசை மாவு, ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்.

பள்ளியிலிருந்து வந்தால் வாசலில் கும்பாபிஷேக விழா மலர்ப் புத்தகம். அக்கா வீட்டுக்காரர்தான் விழாக்குழுச் செயலாளர். அத்தான் கேட்டாரே என்றுதான் கட்டுரை எழுதினேன்: பழைய நூல்களில் வரும் அயல்நாட்டார் யார் யார். சகர், பஹ்லவர், ஹூணர், சீனர், யவனர். கோடை விடுமுறை முழுக்க அந்த வேலைதான்.

யவனருக்கு நான் எழுதியது: முதலில் கிரேக்கர், பிறகு மேற்கிலிருந்து வந்த எவருக்கும் அந்தப் பெயர். அச்சில் இருப்பது: யவனர் என்போர் இன்றைய முஸ்லிம்கள், வந்தேறிகள். கீழே என் பெயர், எம்.ஏ., பி.எட். உட்பட.

அத்தானுக்குப் போன்.

"யாரும்மா இத வரி வரியா வாசிக்கப் போதா? சனங்களுக்குப் புரியுத மாதிரி கொஞ்சம் மாத்துனோம்."

கொஞ்சமாம். திராவிடர் பற்றிய பத்தியையே காணோம். கேட்டால் இடமில்லையாம். நகைக்கடை விளம்பரத்துக்கு மட்டும் இடம் இருக்கிறது.

ஜூலை 4, வெள்ளி

சாப்பாட்டு நேரம் பாத்திமா என் பக்கம் வரவில்லை. கணக்கு டீச்சர். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம். நானே போனேன். மலரின் அந்தப் பக்கம் படமாக வாட்ஸ்அப்பில் அவள் ஊர் கடையநல்லூர் முழுக்கச் சுற்றுகிறதாம்.

"நான் எழுதல பாத்திமா."

"உங்க பேருல்லா போட்டிருக்கு டீச்சர். எங்க வாப்பா இங்கன தறி நெய்தவரு. அவுக வாப்பாவும் இங்கனதான். நான் எங்கன இருந்து வந்தேன்னு உங்க மலரப் பாத்துத் தெரிஞ்சுக்கணுமா?"

டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அவள் மேல் கோபமில்லை. எழுதியவள் என்று என் பெயரைப் பார்த்தால் வேறு என்ன நினைப்பாள்?

என் வீட்டுக்காரர்: "குடும்பத்துக்குள்ள சண்ட எதுக்கு? நாளைக்கு மலர் வெளியீட்டு விழாவுக்குப் போகாம இருந்துரு."

போகாவிட்டால் அது என் எழுத்து என்றே ஆகிவிடும். போவேன்.

ஜூலை 5, சனி

குற்றாலத்தில் மண்டபம். சீசன் கூட்டம், பஸ் நகரவில்லை. அருவியில் தண்ணீர் அதிகம், குளிக்கத் தடை. தலையில் எண்ணெயோடு ரோடு முழுக்க ஆட்கள்.

மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வையை நீட்டினார்கள். வாங்கவில்லை. மைக்கை வாங்கினேன்.

"யவனர் பத்தி இந்த மலர்ல இருக்கது நான் எழுதினதில்ல. மாத்தினவரு இந்த மேடையிலதான் இருக்காரு. நான் எழுதி, அவரு வெட்டினத இப்ப சொல்லுதேன். பழைய தர்ம நூல் ஒண்ணுல, தாழ்ந்து போன சனங்கன்னு ஒரு வரிசை வருது. யவனர், சகர், சீனர் எல்லாரும் உண்டு. அதே வரிசையில, யவனருக்கு முன்னாலயே திராவிடர்னு இருக்கு. அது நாமதான். அப்ப நாம எந்த நாட்டுல இருந்து வந்தோம்?"

மைக்கை நிறுத்திவிட்டார்கள். கேள்வியை மறுபடியும் கேட்டேன். தினமும் வகுப்பில் கத்துகிற தொண்டை எனக்கு. கடைசி வரிசை வரை கேட்டிருக்கும்.

"எறக்குங்கலே அந்தம்மாவ!"

"பேசட்டும்லே. நெசத்தத்தான சொல்லுதாவ?" பின்னாலிருந்து யாரோ.

அத்தான் முகம் கறுத்துவிட்டது. முன்வரிசையில் அக்கா, குனிந்த தலை நிமிரவே இல்லை. அதுதான் வலித்தது.

ஜூலை 6, ஞாயிறு

கொஞ்சம் வெயில். துணி காய்ந்தது.

மீதி மலர்களிலிருந்து என் கட்டுரையை மட்டும் கிழித்துவிட்டார்களாம். திருத்தி ஒட்ட ஒரு துண்டுச் சீட்டு போதும். அதற்கு அவர்களுக்கு மனம் வரவில்லை.

பாத்திமா போன். நேற்று மேடையில் நான் பேசியதை யாரோ எடுத்த வீடியோ அங்கேயும் போயிருக்கிறது. "பாத்தேன் டீச்சர். நாளைக்கு ஸ்கூல்ல பேசுவோம்." குரலில் இன்னும் இறுக்கம்தான். இருக்கட்டும்.

சாயங்காலம் அக்கா போன். "புதன்கிழம கீதா வளைகாப்புக்கு நீ வர வேண்டாம்ட்டி. அவுக சொல்லச் சொன்னாவ."

"நீ சொல்லுதியா, அத்தான் சொல்லுதாரா?"

அழுகைச் சத்தம் மட்டும்.

அக்கா மகள் என்றாலும் கீதாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். போவேன். வாசலில் நின்று அவரே தடுக்கட்டும்.