உன் சைக்கிளில் அண்ணி

என் செல்ல அண்ணா,

உன் கியர் சைக்கிள் வெளியே வந்துவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை அண்ணி அதை ஓட்டிக்கொண்டு ஏரிப் பூங்காவுக்குப் போகிறார். லீவு கிடைத்தால் விழுந்தடித்து ஓடுவாயே, ஏரியை ஒட்டிய அதே மலைப் பாதைக்கு. நானும் ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கூடப் போகிறேன்.

நீ நம்பமாட்டாய். நீ போன பிறகு அண்ணி கம்பெனி பஸ்ஸில் ஏறுவார், இறங்குவார், அவ்வளவுதான். உன் பேச்சை யார் எடுத்தாலும் எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விடுவார். நாங்களும் உன் பெயரைச் சொல்லாமல் பேசப் பழகிவிட்டோம். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றவன் மாலையில் இல்லையென்றால், என்ன பேசுவது அண்ணா?

போன மாதம் அவராகத்தான் கேட்டார். "கலா, அவரு போவாரே அந்த ஏரியாண்ட மலை, நம்மளால முடியுமா?"

ஏன் என்று நான் கேட்கவில்லை. உடனே திட்டம் போட உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் ஷிப்ட். அண்ணிக்கு இருங்காட்டுக்கோட்டை தொழிற்சாலையில் வேலை, எனக்கு ஒரகடத்தில். இரண்டு பேருக்கும் ஒன்றாக ஃபர்ஸ்ட் ஷிப்ட் வரும் வாரம்தான் தோது. நைட் ஷிப்ட் முடித்த கண்ணோடு மலை ஏறுவது ஆகாது. பிறகு பாதை. நீ குதித்துக் குதித்து இறங்கும் பாறைச் சரிவு எங்களுக்கு வேண்டாம். ஏரிக்கரை மேலேயே போய், மரநிழல் உள்ள பக்கமாக மெதுவாக ஏறி, உச்சியில் இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, சரளைப் பாதையில் பிரேக்கைப் பிடித்தபடி இறங்குவது. அண்ணிக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளை ஓட்டிய பழக்கம் இருக்கிறது. கியர் மட்டும்தான் புதிது.

அம்மாவைத் தாண்டுவதுதான் பெரிய ஏற்றமாக இருந்தது. "ஒருத்தன வாரிக் குடுத்துட்டு நிக்கிறேன். நீயும் போயி வுழுந்து கைய கால ஒடிச்சிக்கினா நான் யாராண்ட போவேன்?" என்றாள். எனக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான்.

போன ஞாயிறு சைக்கிளைத் துடைத்து, நட்டு போல்ட்டெல்லாம் பார்த்தோம். கம்பெனியில் எங்கள் அசெம்பிளி லைனில் ஒரு போல்ட்டை முறுக்கி முடித்ததும் அதன்மேல் மஞ்சள் மார்க்கரால் ஒரு கோடு போடுவோம். கோடு இருந்தால் அந்த வேலை முடிந்தது, அடுத்தவர் அதில் கை வைக்கக் கூடாது. உன் லைன் பழக்கத்தில் நீ சைக்கிளிலும் அப்படியே போட்டு வைத்திருந்தாய். நாங்களும் லைன்காரர்கள்தானே, கோடு இல்லாதவற்றை மட்டும் முறுக்கினோம். ஹேண்டில்பார் பக்கம் நான் ஸ்பேனரை நீட்டியபோது, "அவரு போட்ட கோடு, அத்த தொடாத" என்றார் அண்ணி.

தெருவில் ஓட்டிப் பார்த்தார். நன்றாகத்தான் போனார். முனைவரை போய்வந்து வாசலில் திரும்பும்போது ஹேண்டில்பார் மட்டும் திரும்பியது, சக்கரம் நேரே போனது. நல்லவேளை, எதிர்வீட்டில் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணல். அதில் சாய்ந்தார், அடி எதுவும் இல்லை.

அம்மா அலறிக்கொண்டு வந்தாள். நான் ஹேண்டில்பார் போல்ட்டைத் தொட்டுப் பார்த்தேன். விரலாலேயே சுழன்றது. மேலே அழகாக ஒரு மஞ்சள் கோடு. நீ போவதற்குச் சில நாள் முன்புதான் புது ஹேண்டில்பார் மாற்றினாய், ஞாபகமிருக்கிறதா? முறுக்காமலே கோடு போட்டிருக்கிறாய். எங்கள் சூப்பர்வைசராக இருந்தால் நாலு பேர் எதிரில் மானத்தை வாங்கியிருப்பார்.

அண்ணி மணலில் உட்கார்ந்தபடி அதையே பார்த்தார். அழப்போகிறார் என்று பயந்தேன்.

"இன்னா மனுஷன் கலா உங்கண்ணன்? டைட்டே பண்ணாம மார்க் போட்டு வெச்சிக்கீறாரு. பஸ்ஸுக்கு டைம் ஆய்ச்சின்னு வுட்டுட்டு ஓடியிருப்பாரு. இந்த வூட்ல எதுனா ஒரு வேலைய முழுசா முடிச்சிருக்காரா? குழா இன்னும் ஒழுவிகினு கீது."

அம்மா பக்கத்திலேயே மணலில் உட்கார்ந்தாள். "சின்ன வயசுலேந்தே அவன் அப்டித்தான்மா. பாதி சட்டைய மாட்டிக்கினு ஸ்கூலுக்கு ஓடுவான்." இரண்டு பேரும் மாறி மாறி உன்னைத் திட்டினார்கள், சிரித்தார்கள், பிறகு அழுதார்கள். அண்ணி அன்று எழுந்து உள்ளே போகவில்லை அண்ணா.

மலை இறக்கத்தில் அது கழன்றிருந்தால் என்னவாகியிருக்கும்? வாசலிலேயே தெரிந்துபோனதில் அப்பாடா என்றிருக்கிறது. அதைவிட, அண்ணி உன்னைத் திட்டக் கேட்டதில்தான் எனக்கு மூச்சே வந்தது. பிள்ளைப்பாக்கம் சைக்கிள் கடையில் கொடுத்து, கோடு இருந்ததையும் சேர்த்து எல்லாவற்றையும் முறுக்கி, சீட்டையும் அண்ணி உயரத்துக்கு இறக்கியாயிற்று. "வெயிலுக்கு முன்ன வந்துருங்க" என்று மட்டும் அம்மா சொல்லியிருக்கிறாள்.

இறக்கத்தில் நான் முன்னால் போவேன். பாதை சரியில்லை என்றால் இரண்டு பேரும் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவோம். உச்சியில் உட்கார்ந்ததும், நீ அரைகுறையாக விட்டுப்போன மற்றதையெல்லாம் ஒன்றுவிடாமல் அண்ணியைச் சொல்லவைப்பேன். இது சத்தியம். அங்கிருந்து கேட்டுக்கொண்டிரு, குறுக்கே பேசாதே.

உன்மேல் ஆசையும் கோபமும் தீராத தங்கை,
கலா